ஒரு டின்னுக்கு ஆறு பிஸ்கெட்

என் அக்காவைப் பத்தொன்பது ஆண்டுகளாக ஏமாற்றி வருகிறேன். அவள் தேடிக்கொண்டிருப்பது என்னிடம் இருக்கிறது. தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஒருமுறை அல்ல... இருநூற்றுப் பதினோரு முறை!

எண்ணிக்கையில் பிழை இருக்காது. துறைமுகக் கிடங்கில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மூட்டை எண்ணியவன் நான். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதுகூட எதிர்ச்சுவரின் ஓடுகளை எண்ணுவேன். "தோசைய எண்ணாதீங்க, சாப்பிடுங்க" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளும் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

அப்படி என்ன பெரிய ரகசியம் என்கிறீர்களா? பிஸ்கெட். சாதாரண கிரீம் கிராக்கர் உப்பு பிஸ்கெட்! சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லி முடிக்கிறேன்.

நாங்கள் நாலு பேர். நார்ரிஸ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில், தடுப்பு வைத்த ஓர் அறை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டை இப்போது யாரிடமாவது விவரித்தால் அது சமையல்தானா என்று கேட்பார்கள். சுடுசோற்றில் மார்ஜரினும் கறுப்புக் கிச்சாப் எனும் சோயா சாறும் ஊற்றிப் பிசைந்து, மேலே ஒரு முட்டை. நீர்ச்சோற்றுக்கு வறுத்த நெத்திலியின் தலைகள். உடல்கள் அப்பாவின் தட்டுக்குப் போய்விடும். கோப்பியில் முக்கிய ரொட்டி ஓரம். கட்டிப்பால் டின் காலியானதும் அதில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்குப் பாதி... குலுக்குவது நான், அளப்பது அக்கா.

ஆனால் மாதக் கடைசியில் அம்மா வைக்கும் டின் மீன் குழம்பு! அதற்கு ஈடாக இந்த எழுபத்தாறு வயதுவரை நான் எதையும் தின்றதில்லை.

ஒரு டின்னில் ஐந்து மீன். அப்பாவுக்கு இரண்டு, எங்களுக்கு ஒவ்வொன்று. மீன் பெரிதில்லை, குழம்புதான் பெரிது. கெட்டியாக, லேசான இனிப்போடு, புளிப்புக்கு அடியில் வறுத்த மாவின் மணம் ஒன்று ஒளிந்திருக்கும். அக்கா தட்டை வழித்து நக்கிவிட்டு, என் தட்டையும் இழுப்பாள். "எச்சிடி!" என்று அம்மா கத்துவாள். அக்காவின் காதில் விழாது.

அந்தக் குழம்பு எப்படிக் கெட்டியானது என்று அக்காவுக்குத் தெரியாது. அவளுக்குக் காலைப் பள்ளி, எனக்கு மதியப் பள்ளி. காலை நேரத்து அம்மா எனக்கு மட்டும் சொந்தம்.

மாதக் கடைசியில் தேங்காய் வாங்க வழியிருக்காது. பஃபலோ ரோட்டில் ஒரு சீனர் மளிகைக்கடை. பெரிய சதுர டின்களில் பிஸ்கெட் விற்பார்கள். டின்னின் அடியில் தங்கும் உடைசலை மலிவாகக் காகிதத்தில் கட்டித் தருவார் கடைக்காரர். அதை வாங்கிவர நான் ஓடுவேன். அம்மா அதைத் துணியில் முடிந்து, குழவியால் நாலு தட்டுத் தட்டி, வெறும் சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி, கொதிக்கும் குழம்பில் தூவுவாள். உடைசலைச் சேர்த்துப் பார்த்து நான் கணக்கெடுத்திருக்கிறேன். ஒரு டின்னுக்கு ஆறு பிஸ்கெட்.

"அக்காகிட்ட மூச்சு விடாதே" என்றாள் அம்மா, முதல் நாளே. "அவ நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ. தேங்காக்கு வக்கில்லாம பிஸ்கோத்தக் கரைச்சு ஊத்துன வீடுன்னு அங்க பேச்சாயிடும். சத்தியம் பண்ணு."

அடுப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். ஒன்பது வயது எனக்கு. விரல் சுட்டது.

பிறகு அப்பாவுக்குச் சம்பளம் கூடியது, தேங்காய் வந்தது, பிஸ்கெட் நின்றது. "பழைய ருசி இல்லம்மா, என்ன போடுவே அப்ப?" என்று அக்கா திருமணத்துக்குப் பின்பும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒண்ணும் போடல. அப்ப உங்களுக்குப் பசி" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு, அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் நான் அம்மா வீட்டில் சாப்பிடப் போனேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா இறந்ததும் அவளுடைய சங்கிலி அக்காவுக்குப் போனது. புடவைகள் அக்காவுக்கு. முகச்சாயல் முன்பே அக்காவுக்கு. எனக்கு? ஆறு பிஸ்கெட்!

அந்த ஆண்டிலிருந்து அக்கா தேட ஆரம்பித்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு, தெம்பனிஸில் அவள் வீட்டில், டின் மீன் குழம்பு. நான் போய்ச் சாப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். "அம்மா கை தெரிஞ்ச நாக்கு இந்த ஊர்ல ரெண்டே ரெண்டுதான்டா. என்னோடது ஒண்ணு, உன்னோடது ஒண்ணு" என்பாள்.

தேங்காய்ப்பால் ஊற்றினாள். பொட்டுக்கடலை அரைத்தாள். அரிசிமாவு, கடலைமாவு, ஒருமுறை வேகவைத்த உருளைக்கிழங்கு! நான் ஒரு வாய் உண்டு, கண்ணை மூடித் திறந்து, "இல்லக்கா" என்பேன். அவள் மகள் மாலா தலையில் அடித்துக்கொள்வாள். "மாமா, சும்மா ஓகேன்னு சொல்லுங்க லா! இன்னும் எத்தனை டின்னு நாங்க சாப்பிடுறது?"

தொடக்கத்தில் அது சத்தியத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா புகுந்த வீட்டில் மாமியார், மாமனார், அவள் கணவர் எல்லோரும் இறந்தபிறகு யார் பேசப்போகிறார்கள்? சத்தியம் காலாவதியாகிவிட்டது. எனக்குத் தெரியும்.

இனி மன்னிக்க முடியாததைச் சொல்கிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, அக்கா ரஸ்க்கைப் பொடித்துப் போட்டிருந்தாள். முதல் கவளத்திலேயே என் கை நின்றுவிட்டது. ஓர் அடி தூரம்... அவ்வளவுதான்! ரஸ்க்கில் இனிப்பு அதிகம், உப்பு இல்லை. அது மட்டுமே வேறுபாடு. அவளும் உணர்ந்திருந்தாள். கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். எழுபத்திரண்டு வயதில், தட்டை வழித்து நக்கிய அதே பெண்ணின் கண்கள்.

"கிட்ட வந்துட்டேன்ல?"

நான் சொன்னேன்: "இது ரொம்பத் தூரம்க்கா. பழையபடி தேங்காய்க்கே போ."

போய்விட்டாள். என்னை நம்பி, திரும்பித் தேங்காய்க்கே போய்விட்டாள்!

ஏன் செய்தேன்? சங்கிலிக்கும் புடவைக்கும் பழிவாங்கவா? கொஞ்சம் அதுவும்தான். ஆனால் அடியில் வேறொன்று இருந்தது. குழம்பு கிடைத்துவிட்டால் தேடல் முடிந்துவிடும். தேடல் முடிந்தால் தீர்ப்புச் சொல்ல ஆள் எதற்கு? மகன் வெளிநாட்டில், பெர்த்தில். வீட்டில் நானும் ஓடுகளும். முதல் ஞாயிறும் போய்விட்டால் நான் எதை எண்ணுவது?

என் வீட்டிலிருந்து ஜாலான் புசார் ரயில் நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம் நடந்தால், அங்கிருந்து தெம்பனிஸ் பத்தே நிறுத்தம். நான் நடப்பதில்லை. லிட்டில் இந்தியாவில் ஏறி, ஊரை ஒரு வட்டம் அடித்து, பத்தாவது நிறுத்தமாக அதே ஜாலான் புசாருக்கு வந்து, பிறகு இன்னும் பத்து. பொய் சொல்லப் போகிறவனுக்கு அவசரம் இல்லை.

சென்ற ஆண்டின் கடைசியில் அக்காவுக்குக் காய்ச்சல். பதினெட்டு நாள் மருத்துவமனை. நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையில் ஏறும் மருந்துச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது தோன்றியது. இவள் போய்விட்டால்? ருசி தெரியாமலே போய்விட்டால்?

வீடு திரும்பி அவள் மறுபடி சமைக்கத் தொடங்கி மூன்றாவது மாதத்தின் முதல் ஞாயிறு, தேக்கா சந்தையில் ஒரு பாக்கெட் கிரீம் கிராக்கர் வாங்கினேன். ஆறை எடுத்துப் பொடித்து, வறுத்து, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சொல்லத்தான் போனேன். நம்புங்கள்! ஆனால் வாசலில் அவள், "வாடா தம்பி, இன்னிக்கு விடமாட்டேன்" என்றாள். செருப்பைக் கழற்றி உள்ளே போனேன். அவள் குளியலறைக்குப் போன நேரம், கொதிக்கும் குழம்பில் திருடனைப்போல் தூவிக் கிளறிவிட்டேன்.

மேசையில் முதல் வாய் நான்தான் வைத்தேன்.

அம்மா!

வேறு சொல் இல்லை. காலை வெயில், ஈரத்துணி, குழவியின் நாலு தட்டு... அறுபத்தேழு ஆண்டுகள் என் நாக்கில் ஒரு கணத்தில் கூடின. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். மெல்ல மென்றாள். விழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"இன்னிக்கும் இல்லடா" என்றாள். "என்னமோ குறையுது. நீ சொல்லு, குறையுதுல்ல?"

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினேன்!

கிளம்பும்போது மாலா மின்தூக்கிவரை வந்தாள். கதவு திறந்தும் என்னை விடவில்லை.

"மாமா, அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஹாஸ்பிடல்லேருந்து வந்ததிலிருந்து அவங்களுக்கு டேஸ்ட்டும் தெரியல, ஸ்மெல்லும் தெரியல. இந்த வயசுல திரும்பறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்போ ஏன் சமைக்கிறா?"

"உங்களுக்குத்தான். ருசி போச்சுன்னு தெரிஞ்சா தம்பி இனி எதுக்கு வரப்போறான்னு... அதான் எப்பவும் குறையுதுன்னே சொல்றாங்க."

கதவு மூடியது. எண்களைக்கூட நான் பார்க்கவில்லை. எத்தனை மாடி இறங்கினேன் என்று தெரியாமல் என் வாழ்க்கையில் இறங்கியது அன்று மட்டும்தான்.

இப்போது சொல்லலாமே என்பீர்கள். எதைச் சொல்வது? உன் நாக்கு உயிரோடு இருந்த காலமெல்லாம் அது என் சட்டைப் பையின் தூரத்தில்தான் இருந்தது என்றா? அவளிடம் வேண்டாம், மாலாவிடமாவது சொல்லேன் என்பீர்கள். மாலா அம்மாவிடம் சொல்லிவிடுவாள்... இதுவும் சாக்குத்தானோ? என் சாக்குகளை மட்டும் நான் எண்ணியதில்லை.

ஒன்று மட்டும் உறுதி. அந்த ஞாயிறு மேசையில் நான் தின்றதை, இதுதான், இதுவேதான் என்று சொல்ல உலகத்தில் இன்னொரு நாக்கு இல்லை. தட்டை இழுக்க ஆள் இல்லாத குழம்பை நான் தனியாகத் தின்றேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

சென்ற ஞாயிறும் போனேன். சுற்று வழியில்தான், இருபது நிறுத்தம். அக்கா பரிமாறினாள், தேங்காய்ப்பால் தூக்கலாக இருந்தது. உப்பு ஒரு பங்கு கூடியிருந்தது. அவளால் இனி அதை அறிய முடியாது. கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள்.

"என்னடா, வந்துச்சா?"

"இன்னும் கொஞ்சம்க்கா."

அவள் முகம் மலர்ந்ததே! "விடு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அதுதான் இருநூற்றுப் பதினோராவது.

ஒரு டின்னுக்கு ஆறு பிஸ்கெட். பொடித்து, வறுத்து, கொதிவரும்போது தூவ வேண்டும். இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் தெரியாது.