யார் யார் சிரித்தார்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஏதாவது ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு போன் வந்தால் போதும், இன்னொருவர் உடனே “மீட்டிங்லா, மீட்டிங்!” என்று கீச்சுக்குரலில் கத்துவார். மேசையே குலுங்கும். அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று கத்துகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை எழுதி, இயக்கி, நடித்தவர் என் தாய்மாமா. அந்தப் படத்தை முதன்முதலில் திரையிட்டபோது மண்டபத்தில் இருந்தவர்களில் படத்தைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. கிள்ளானில் ஒரு தாமானில் குடியிருந்தோம். எல்லாம் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். தாலி கட்டுவதையும் கேக் வெட்டுவதையும் எடுத்து எடுத்து அலுத்துப்போய், தாமான் குடும்பம் ஒன்றைப் பற்றிச் சிரிப்புப் படம் எடுக்கக் கிளம்பினார். கதாநாயகன் ஆபீஸ்காரன். ஆனால் எந்த ஆபீஸும் கேமராவை உள்ளே விடவில்லை. மாமா அசருவாரா? கதாநாயகனின் வேலையைப் பறித்துவிட்டார். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் டை கட்டிக்கொண்டு புறப்பட்டு, ரயில் மாறி ரவாங் வரை போய், அங்கிருந்து கிள்ளானுக்குத் திரும்பி, இப்படியே பொழுதை ஓட்டுகிறவன் கதை அது. ஆபீஸ் வேண்டாம், ரயில் டிக்கெட் போதும். மாமாவிடம் டை இல்லாததால் அப்பாவின் டைகளில் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டார். கதையை மட்டும் எங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

“நம்ம தாமான் ஜனங்க சிரிக்கலன்னா கேமராவ வித்துட்டு லோரி ஓட்டப் போயிடுவேன்,” என்று அம்மாவிடம் சபதம் வேறு. லோரி ஓட்டுகிற மாமாவைப் பற்றி ஸ்கூலில் யார் பெருமையடித்துக்கொள்ள முடியும்?

திரையிடலுக்கு முந்தின நாள் ஒரு பயிற்சிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். “பாப்பா, படத்தப் பாக்க ஊரே இருக்கு. பாக்கறவங்களப் பாக்க ஒரு ஆள் வேணும்லா. சிரிச்சா ஒரு டிக். சத்தமா சிரிச்சா ரெண்டு. கண்ணுல தண்ணி வந்தா மூணு. ஒருத்தரையும் விடக்கூடாது.” எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ராத்திரியே வீட்டு நம்பர் வாரியாக எல்லார் பெயரையும் எழுதி, கோடு போட்டு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிய தாமான் மண்டபத்தில், திரைக்குக் கீழே ஸ்டூல் போட்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிஷம் ஒரு ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை. ஓரத்தில் நின்ற மாமா நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு கதாநாயகனின் மனைவி வந்தாள். அதாவது, மாமாவின் கூட்டாளி ஒருவர் மீசையை எடுக்காமல் நைட்டி மாட்டிக்கொண்டு, வாசலில் கார் நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரரைத் துடைப்பத்தோடு துரத்தினார். பதினாலாம் நம்பர் ஆன்டி “ஐயோ கடவுளே!” என்று வாயைப் பொத்தினார். பொத்திய கையையும் மீறிக்கொண்டு வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, மண்டபமே பற்றிக்கொண்டது! “அப்படியே பதினாறாம் நம்பர்லா இது!” என்று அவர் தொடையைத் தட்ட, பதினாறாம் நம்பர் ஆன்டி மூன்று வரிசை தள்ளி “பதினாலாம் நம்பர உரிச்சு வச்சிருக்கான்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் மும்மூன்று டிக். ஒரு பெரியவர் “சீச்சீ, பொம்பளப் புள்ளைங்க இருக்கிற எடத்துல!” என்று எழுந்து போனார். போனவர் வாசற்படியிலேயே நின்று கடைசிவரை பார்த்தார். அவருக்கு எத்தனை போடுவது என்று குழம்பி, ஒன்று போட்டேன். எனக்கு டிக் போட்டு மாளவில்லை.

அடுத்து வந்தது ரயில் காட்சி. கதாநாயகன் தூங்கி வழிந்தபடி பெண்கள் பெட்டியில் ஏறிவிடுகிறான். ஆன்டிமார்கள் கைப்பையால் சாத்துகிறார்கள். அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். அடியை வாங்கிக்கொண்டே அவன் “மீட்டிங்லா, மீட்டிங்!” என்கிறான். எனக்குக் குரல்தான் கேட்டது. ஆனால் அந்தக் கூட்டத்தை நான் பார்த்தேன்! நாற்காலியிலிருந்து ஒருவர் சரிந்தே விழுந்தார். மாமா ஓரத்தில் குதித்தார்.

மூன்றாவது வரிசையில் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அப்பா வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடி அன்றைக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் டை கட்டிக்கொண்டு புறப்பட்டு, பங்சாரில் ஒரு கடைத்தொகுதியின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினார். மாமாவுக்கும் தெரியாது, சத்தியமாக. அவர் கதை ஆபீஸ் கிடைக்காமல் பிறந்தது. எனக்கு இதெல்லாம் பதினாறு வயதில்தான் தெரியவந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அப்பாவின் கட்டம் காலியாக இருந்தது.

பக்கத்தில் அம்மா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே அப்பாவின் தோளில் தட்டத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டப்போன கை அப்படியே நின்றது.

எனக்கு வந்ததே கோபம். சொந்த மச்சானே சிரிக்காவிட்டால் மாமா கேமராவை விற்றுவிட மாட்டாரா? ஸ்டூலின் மேல் ஏறி நின்று கத்தினேன். “அப்பா! சிரிங்கப்பா! எல்லாரும் சிரிக்கிறாங்க, நீங்க மட்டும் ஏன் சிரிக்கல?”

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா சட்டென்று அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என்னைவிடச் சத்தமாகச் சொன்னாள். “அப்பா சிரிச்சிட்டுத்தான் இருக்காரு பாப்பா. கண்ணுல தண்ணியே வந்துருச்சு பாரு. மூணு போட்டுக்கோ.”

எட்டிப் பார்த்தேன். உண்மைதான், கன்னம் நனைந்திருந்தது. மூன்று டிக் போட்டேன், அழுத்தி. படம் முடிந்ததும் மாமா என் பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் அப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். “மச்சானே அழுவுற அளவுக்குச் சிரிச்சிட்டாரு! படம் பிச்சிக்கும்லா!” அப்பா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். படம் பிய்த்துக்கொண்டுதான் போனது.

திங்கட்கிழமை காலை அப்பா வழக்கம்போல் டை கட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தார். அம்மா அவர் எதிரில் போய் நின்று, முடிச்சை அவிழ்த்து, டையை உருவி நாற்காலியில் போட்டாள். “உக்காருங்க. தோச சுடச்சுட இருக்கு. இன்னிக்கு எங்கயும் போக வேணாம்,” என்றாள். அப்பா காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

நான் புத்தகப்பையைத் தூக்கிக் கடாசினேன். “அப்பாவுக்கு மட்டும் லீவா? அப்ப நான்?” ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்வரை தரையில் உருண்டு பார்த்தேன். அம்மா மசியவில்லை, கையைப் பிடித்து வேனில் ஏற்றிவிட்டாள். இப்படியும் ஓரவஞ்சனை செய்வாளா ஒரு அம்மா! ஆத்திரம் தாங்காமல், எங்கள் அப்பாவை இன்றைக்கு ஆபீஸுக்கே போக வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள் என்று, பதினாலாம் நம்பர் பிள்ளையிலிருந்து கடைசி சீட் வரைக்கும் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.