கைக்கு எட்டாத பொத்தான்

என் அண்ணிக்கு ஆப்களுக்குத் திரை வரைகிற வேலை. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எது பெரிசு, எது சிறிசு என்று நாள் முழுக்க உட்கார்ந்து கட்டம் போடுவாள். "கட்டம் போடறதுக்கு ஒரு சம்பளமா?" என்று நான் சீண்டினால், "எதுக்கெல்லாமோ பொத்தான் வச்சுட்டேன், நாத்தனார் வாய மூடத்தான் ஒண்ணும் கெடைக்கல" என்பாள். எங்களுக்குள் அப்படித்தான். பாசம் உண்டு, அதைக் காட்டிக்கொள்கிற வழக்கம் கிடையாது.

எதை அழிப்பதென்றாலும் இரண்டு தரம் கேட்க வைப்பது அவள் பழக்கம். 'நீக்கவா?' என்று ஒரு தரம், 'நிச்சயமாகவா?' என்று இன்னொரு தரம். மனுஷன் அவசரத்தில் அழுத்திவிட்டு அப்புறம் உட்கார்ந்து அழுவான் என்பது அவள் கட்சி. யாரும் அழுத்தக்கூடாத பொத்தானைச் சின்னதாக்கி மூலையில் தள்ளிவிடுவதும் அந்தத் தொழிலில் சகஜமாம். இதெல்லாம் என் வீட்டுக்கே வரும் என்று நான் கண்டேனா.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். நாற்பது வயதுக்குள் அவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவ ஆரம்பித்தது. நரம்பு செத்துக்கொண்டே வரும் நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் கால் போனது. அப்புறம் பேச்சு குழறியது. வலது கையில் ஒரு விரலும் மணிக்கட்டில் கொஞ்சம் அசைவும் மிஞ்சின. அண்ணி வேலைக்குப் போவாள், பகலில் நான் வந்து அவனைப் பார்த்துக்கொள்வேன். அவனுக்கென்று பொழுது என்றால் கட்டிலுக்குக் குறுக்கே வைத்த லேப்டாப்தான். அதன் தொடுபலகையில் அந்த ஒற்றை விரலை நகர்த்தித்தான் அம்புக்குறியை ஓட்டுவான்.

அவன் கண்ணில் பட்டதையெல்லாம் புக்மார்க் செய்து வைக்கிற ஆள். நின்றுபோன லிப்டுகள், அருவிகள், சதுரங்க ஆட்டங்கள், மொக்கை ஜோக்குகள் என்று ஆயிரக்கணக்கில் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரே நீளமாகக் கிடந்தன. அதில் ஒன்றைத் தேடி இறங்குவதற்குள் விரல் சோர்ந்துவிடும். ஒருநாள் பாதித் தேடலில் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணி அன்றைக்கே பென்சிலை எடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் தலைப்பு வாரியாகப் பிரித்து, தலைப்புக்கு ஒரு கட்டம். திரையில் வேறு ஒன்றும் கிடையாது. அம்புக்குறி நிற்கிற கட்டம் விரலின் கனம் பட்டாலே திறந்து, அதிலுள்ள பக்கங்கள் தானாக ஒவ்வொன்றாக வரும். "சூப்பர்" என்று குழறினான் அண்ணன். அதற்கப்புறம் அவள் சம்பளத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

நோய் சும்மா இருக்குமா? விரல் தளரத் தளரக் கட்டங்கள் பெரிதாக வேண்டியிருந்தது. பெரிதானால் எண்ணிக்கை குறையத்தானே வேண்டும். எதைத் தூக்குவது என்று ஒவ்வொரு தடவையும் அண்ணி அவனைக் கேட்பாள், அவன் கண்ணால் காட்டுவான். ஜோக்குகளையும் ஒருநாள் கண்ணால் காட்டிவிட்டான். அவன் சொன்ன மொக்கை ஜோக்குக்கெல்லாம் சிரித்து வளர்ந்தவள் நான்.

கடைசியில் மூன்று கட்டம் நின்றது. லிப்ட், அருவி, சிகிச்சை. சிகிச்சை அவன் சேர்த்ததல்ல. எந்த ஊரில் எவர் எந்த மருந்தைச் சோதிக்கிறார் என்று அண்ணி தேடித் தேடி அதில் போட்டுக்கொண்டே இருந்தாள். ஆசை யாரை விட்டது? அந்தக் கட்டத்தைத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, இடது கீழ் மூலையில் வைத்தாள். அண்ணன் கை தளர்ந்தால் அம்புக்குறி தானாகச் சரிந்து விழுகிற இடம் அது.

வினையும் அங்கேதான் இருந்தது. லிப்டுக்குப் புறப்பட்ட விரல் பாதியில் நழுவிச் சிகிச்சையில் விழும். யாராவது வந்து மூடும்வரை அதுதான் ஓடும். ஒருநாள் நான் சமையலறையிலிருந்து வந்து பார்க்கிறேன், தொண்டையில் குழாய் செருகிய ஒருவரின் படம் திரையில் நிற்கிறது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ, கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியிருந்தது. துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை ஏது?

சாயங்காலம் அண்ணி வந்ததும், பையைக்கூட வைக்கவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கட்டத்த எடுங்க அண்ணி."

"வேற எத வேணா சொல்லு, எடுக்கறேன். அத மாட்டேன்."

"ஒருநாளாவது அவனா தெறந்து படிச்சிருக்கானா?"

"படிக்க வேணாம், இருக்கட்டும். நாளைக்கே ஒரு மருந்து வந்துட்டா?"

"வந்தா டாக்டர் சொல்ல மாட்டாரா? நீங்க புடிச்ச முயலுக்கு மூணே காலா?"

"உங்க அண்ணன் போயிருவாருன்னு நீ முடிவு பண்ணிட்ட. நான் பண்ணல."

கட்டிலில் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். காது மட்டும் அவனுக்குப் பழுதில்லை. அவன் உதடு அசைந்ததும் இரண்டு பேரும் குனிந்தோம்.

"அது... உனக்கு" என்றான் அண்ணியிடம். மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கு... லிப்ட்" என்றான்.

அண்ணி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அண்ணன் அந்தக் கட்டத்தைத் தானே நீக்கப் புறப்பட்டான். சிகிச்சையை நீக்குகிற பெருக்கல் குறி வலது மேல் மூலையில், கடுகளவு இருந்தது. அவனுக்கு எட்டாது என்று தெரிந்தேதான் அண்ணி அங்கே வைத்திருந்தாள். அம்புக்குறி ஏறும், நடுங்கும், சரிந்து கீழே விழும். சிகிச்சை திறக்கும். அண்ணி மூடுவாள். மறுபடி ஏறும். நான் உதவப் போனேன், கண்ணாலேயே தடுத்தான். தலையணை வியர்வையில் நனைந்தது. மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

"போதுங்க" என்றாள் அண்ணி. அவன் கேட்கவில்லை. "உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன், போதும்."

அம்புக்குறி மறுபடி ஏறியது.

அண்ணி லேப்டாப்பைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடிப்பாவி, பிடுங்கிக்கொண்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்கு வாயெடுத்தவள் அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எதையோ மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் அதை அவன் முன்னால் திரும்ப வைத்தாள்.

'சிகிச்சையை நீக்கவா?' என்று கேட்டது திரை. 'ஆம்' இடது கீழ் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. 'வேண்டாம்' வலது மேல் மூலையில், கடுகளவு.

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் விரலைத் தளரவிட்டான், அவ்வளவுதான். 'நிச்சயமாகவா?' என்று திரை இரண்டாம் தரம் கேட்கவில்லை. கட்டம் போய், அந்த இடத்துக்கு லிப்ட் வந்து நின்றது.

"போடுங்க, நானும் பாக்கறேன்" என்று அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திரையில் யாரோ ஒருவர் இருட்டுக் குழிக்குள் டார்ச் அடித்து, சிக்கிக்கொண்ட கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.