அக்கா தமக்கென்று வைத்த சூப்பு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி இதில் எழுதித் தரும்படி கேட்டவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். "நல்ல வார்த்தையா நாலு எழுதிக் குடுங்க அம்மணி" என்றார். நல்ல வார்த்தைகள் மற்ற பக்கங்களில் நிறையவே இருக்கின்றன. அன்னபூரணி என்று போட்டிருக்கிறார்கள், பொறுமையின் வடிவம் என்று போட்டிருக்கிறார்கள். நான் கோபமாக இருக்கிறேன், கோபத்தோடுதான் எழுதுவேன், ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்று சொன்னேன். சரி என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். அதனால்தான் நீங்கள் இதைப் படிக்கிறீர்கள்.

அக்கா பிறந்தது கோபிசெட்டிபாளையத்தை அடுத்த வாய்க்கால் பாசன ஊரில். எங்கள் அப்பாவுக்கு வாழையும் நெல்லும். அக்கா மூத்தவர், நான் இளையவள், இடையில் யாரும் இல்லை. பள்ளியில் கணக்கில் எப்போதும் முதலாவதாக வருவார். மேலே படிக்க ஆசைப்பட்டார். அதற்குள் ஈரோட்டிலிருந்து மஞ்சள் மண்டிக்காரர் வீட்டுச் சம்பந்தம் வந்தது. நல்ல இடம் என்றார்கள். அக்காவிடமும் கேட்டார்கள். "உங்க இஷ்டமுங்க" என்றார். கேட்டதும் சொன்னதும் அவ்வளவு மரியாதையாக இருந்ததால் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அக்காவின் வாழ்க்கையில் நடந்த அநியாயங்களில் பாதி இப்படி மரியாதையாகத்தான் நடந்தன. யாரும் அவரை ஒரு நாளும் அதட்டியதில்லை. "ஏனுங்க அம்மணி, இன்னும் ரெண்டு பேரு சாப்பிட வாராங்க" என்பார்கள், அவ்வளவுதான். அக்கா அடுப்பைத் திரும்பப் பற்ற வைப்பார்.

மண்டியில் ஏலம் முடிந்து ஆண்கள் வரும்போது மணி மூன்றாகிவிடும். வெளியூரிலிருந்து மஞ்சள் கொண்டு வந்த விவசாயிகளும் கூட வருவார்கள். எல்லாரும் உண்டு எழுந்து, அண்ணியும் மற்றப் பெண்களும் உண்ட பிறகுதான் அக்காவின் முறை வரும். அண்ணி என்று நான் சொல்வது அக்காவின் நாத்தனாரை. அக்கா அவரை அண்ணி என்பார், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் பார்ப்பேன். குழம்பில் கறி இருக்காது, பொரியல் சட்டியில் கடுகும் கறிவேப்பிலையும் கிடக்கும். அதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார். உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா என்றால், இதற்கு எதற்கு உட்கார வேண்டும் என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் மற்றப் பக்கங்களில் பொறுமை என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தபோது மாமா அங்கே ஒரு அடுக்குமாடியில் வீடு பிடித்தார். அவர் வாரத்தில் பாதி நாள் ஈரோட்டில் மண்டியில் இருப்பார், அக்காவும் மகளும் கோவையில். என் வீடும் அங்கேதான் என்பதால் நாங்கள் மூவரும் ஒரு நாள் ஓட்டலுக்குப் போனோம். பரிமாறுபவர் அக்காவைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியில் பக்கத்து மேசையில் ஒருவர் குடித்துக்கொண்டிருந்ததைக் காட்டினார். சீஸ் போட்ட காய்கறிச் சூப்பு. வந்ததும் ஒரு கரண்டி குடித்தார். கிண்ணத்தை வழித்து முடித்துவிட்டு, இதை வீட்டில் செய்யலாமா என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து அந்தச் சமையலறையில் ஆராய்ச்சி நடந்தது. மேட்டுப்பாளையம் வழியாக இறங்கும் ஊட்டிக் காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக அரிந்தார். வெண்ணெயில் பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கினார். மைதா போட்டால் கட்டி தட்டுகிறது என்று அதை விட்டுவிட்டார். உருளைக்கிழங்கைக் குழைய வேக வைத்து மசித்துப் பாலில் கரைத்தால் அதைவிடக் கெட்டியாக வருகிறது என்று அவரே கண்டுபிடித்தார். கொதிக்கும்போது சீஸைப் போட்டால் அது ரப்பர் மாதிரி இழுபட்டு எண்ணெய் தனியே மிதக்கும். ஆகவே அடுப்பை அணைத்த பிறகு துருவிப் போட்டுக் கிளற வேண்டும். சீஸிலேயே உப்பு இருப்பதால், அது கரைந்த பிறகு ருசி பார்த்துத்தான் உப்பு. மேலே மிளகைத் தட்டிப் போடுவார். காரட் மட்டும் பல்லில் கடிபட வேண்டும். வெறும் கஞ்சி மாதிரி வழவழவென்று இருந்தால் அவருக்குப் பிடிக்காது. ஆமாம், அவருக்குப் பிடிக்காதது ஒன்றும் உலகத்தில் இருந்தது.

சாயங்காலம் அதை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் அவர் குடிப்பார். மகளுக்கும் எனக்கும் உண்டு, ஆனால் நாங்கள் அவருக்குப் பிறகுதான். கல்யாணமாகி அத்தனை ஆண்டுகளில் அக்கா தமக்கென்று அடுப்பில் வைத்தது அது ஒன்றுதான்.

அண்ணி ஒருமுறை கோவைக்கு வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டார். மாமாவும் அன்று வீட்டில் இருந்தார். "ஆம்பளைக இன்னும் ஒரு வாய் சாப்பிடலீங்களே அம்மணி" என்றார் அண்ணி.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "சூப்பு ஆறிப்போகுமுங்க அண்ணி" என்றார்.

இவ்வளவு பேர் கூடி எழுதிய இந்த மலரில் அக்கா சொன்னதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. எனவே அதை நான் பதிவு செய்கிறேன். அக்கா தம் வாழ்நாளில் செய்த எதிர்ப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதிலும் 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

பிறகு நோய் வந்தது. உணவுக் குழாயில் கட்டி. அறுவைச் சிகிச்சை முடிந்து கோவை வீட்டுக்கு வந்தபோது எதையும் விழுங்க முடியாமல் சிரமப்பட்டார். நீர்த்த உணவைச் சூடு குறைத்துக் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இளநீர் கொண்டு வந்தார்கள், கஞ்சி கொண்டு வந்தார்கள். ஒரு வாய் வாங்கிவிட்டுப் போதும் என்று கையைக் காட்டிவிடுவார். அப்படி இருந்தவர் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"சூப்பு வெச்சுத் தாரியா கண்ணு? சீஸ் கொஞ்சம் சேத்திப் போடு."

வீட்டில் இருந்த பால் முழுவதையும் ஊற்றிச் செய்தேன். காய்களை மசித்து, வடிகட்டி, அவர் தொண்டையில் இறங்கும் பதத்துக்குக் கொண்டு வந்து ஃபிளாஸ்க்கில் ஊற்றினேன். அக்கா கண் அயர்ந்திருந்தார். எழுந்ததும் கொடுக்கச் சொல்லி, துணைக்கு வந்து தங்கியிருந்த அண்ணியிடம் ஃபிளாஸ்க்கைத் தந்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் செருப்புகள். அந்தியூரிலிருந்து மாமாவின் சொந்தக்காரர்கள் நோயாளியைப் பார்க்க வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் டம்ளர். காப்பி போடப் பால் இல்லை, வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவதா என்று அண்ணி ஃபிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்திருந்தார். நன்றாக இருக்கிறது, இதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஒருவர் என்னிடம் விசாரித்தார். இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பாதி டம்ளரை அப்படியே வைத்திருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அக்கா கையை அசைத்தார். "ஒறம்பரை வந்தா என்ன பண்றது கண்ணு. நான் பொழுதோட குடிச்சுக்கறேன்."

பொழுதோடு, அந்தச் சாயங்காலமே, அவருக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் மறுபடி சேர்த்தோம். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அதன் பிறகு அக்கா வாயால் எதையும் சாப்பிடவில்லை, அந்தக் குழாயோடேயே போய்விட்டார். அவர் தமக்கென்று கேட்ட கடைசிப் பொருள் அந்தச் சூப்பு. அதையும் வந்தவர்கள் குடித்தார்கள். மிச்சம் வைத்த பாதி டம்ளரைக் கழுவும் தொட்டியில் ஊற்றியவள் நான். இந்த மலர் அந்தியூருக்கும் போகும் என்று தெரியும். போகட்டும்.

உயிருக்குப் போராடுகிறவரின் பங்கை எடுத்து விருந்தாளிக்குக் கொடுப்பதை நாம் மரியாதை என்கிறோம். கொடுத்தவருக்கும் அது தவறாகப் படவில்லை, குடித்தவர்களுக்கும் படவில்லை. பறிகொடுத்தவரே சமாதானம் சொல்கிறார். இப்படி ஒரு பழக்கம் நமக்கு எதற்கு?

போன மாதம் நினைவு நாளைப் பற்றிப் பேச ஈரோட்டு வீட்டில் எல்லாரும் கூடினோம். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பதுதானே வழக்கம். பணியாரம், கச்சாயம், ஒப்புட்டு, கோழிக் குழம்பு என்று அண்ணி சொல்லிக்கொண்டே போனார். பணியாரம் சாப்பிட்டால் அக்காவுக்கு நெஞ்செரிச்சல் வரும். கோழிக் குழம்பில் அவருக்கு எஞ்சியது வெறும் சாறு. அதையெல்லாம் அவர் கையால் வாங்கித் தின்ன உங்களுக்குத்தான் பிடிக்கும். நான் சீஸ் சூப்பு வைக்க வேண்டும் என்றேன். "படையல்ல சீஸுங்களா? பாக்கறவங்க சிரிப்பாங்க அம்மணி" என்றார் அண்ணி. சரி, அக்காவுக்குப் பிடித்தது என்று வேறு ஒன்றை யாராவது சொல்லுங்கள், அதையே வைத்துவிடலாம் என்றேன். அவளுக்கு எல்லாமே பிடிக்கும் என்று ஒரு பெரியவர் முனகினார். அக்கா மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மாமாதான் பேசினார். "அவ என்ன தின்னான்னு நான் ஒரு நாளும் பாக்கலீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்படிச் செய்யோணும்னு சொல்லுங்க அம்மணி. நானே வெக்கறேன்" என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். கொதிக்கும்போதே சீஸைப் போட்டுக் கெடுத்தார். மறுநாள் உப்பை முதலிலேயே போட்டுக் கரிக்க வைத்தார். இப்போது ஓரளவு வருகிறது. ருசி பார்க்கும்போது அவர் கண் கலங்குவதை நானும் பார்த்தேன். அதனால் என் கோபம் தணிந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து குடித்த ஒரு சாயங்காலமாவது மாமா எதிரே உட்கார்ந்திருக்கலாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிய செவிலியர்களுக்கு நன்றி. அக்காவைப் பார்க்க வரும்போது வீட்டுக்குள் நுழையாமல், கதவருகே நின்று, அவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டுப் போன கீழ்த்தளத்து வீட்டு அம்மாவுக்கு நன்றி. அண்ணிக்கும் நன்றி, இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். மருத்துவமனையில் அக்காவின் உடம்பைத் துடைத்துவிட்டு, முகம் சுளிக்காமல் துணி மாற்றியவர் அவர்தான். அந்தக் கைகள்தான் ஃபிளாஸ்க்கையும் திறந்தன. இரண்டையும் என்னால் மறக்க முடியவில்லை. கோபத்தோடு எழுதிய இந்தப் பக்கங்களை அப்படியே அச்சுக்குக் கொடுத்த மாமாவுக்கும் நன்றி.

படையல் முடிந்ததும் வைத்ததை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம். பணியாரம் தருவார்கள், கச்சாயம் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். இலையின் நடுவில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இருக்கும். அது ஆறட்டும், ஏடு படியட்டும், வீணாகப் போகட்டும். அனைவரும் இருந்து வயிறாரச் சாப்பிட்டுப் போக வேண்டும். அந்தக் கிண்ணத்தை மட்டும் யாரும் தொடாதீர்கள். அது என் அக்காவுடையது.