சாம்பலுக்குக் கால் உண்டா?

"மேடம் சார்... குடிக்க ஒரு சொம்பு தண்ணி குடுங்க!"

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி. வாசலில் அஞ்சலை அக்கா. எங்கள் பிளாக்கில் வேலி வெட்டுவது, சருகு கூட்டுவது எல்லாம் அவரும் இன்னும் நான்கு பெண்களும்தான். கான்ட்ராக்ட் வேலை. பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறார். வயது என்னைவிட நாலைந்து கூட இருக்கலாம். வாய் ஒரு நாற்பது கூட.

'மேடம் சார்' என்பது அடியேன்தான். இந்தக் குவார்ட்டர்ஸ் என் மனைவி சுபாவின் பெயரில் இருக்கிறது. அவள் சுரங்க இன்ஜினியர், பெர்மனென்ட். நான் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிப் பிழைப்பவன். நெய்வேலி டவுன்ஷிப்பில் வீட்டுக்கு ஓர் 'எம்ப்ளாயி'. மற்றவர்கள் எல்லாம் அந்த எம்ப்ளாயிக்கு ஏதோ ஒன்று. அப்படி நான் மேடத்துக்குச் சார்.

தண்ணீர் குடித்தவர் சொம்பைத் திருப்பித் தராமல் ஹாலை எட்டிப் பார்த்தார்.

"என்னா சார், அந்தச் செடி இப்பிடி வெளுத்துகினு நிக்குது?"

"அது ஒண்ணுமில்லக்கா. சாம்பல்."

நான் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் சூழ்ந்த நம்ம ஊரில் தூசிக்கு வேறு பெயரே கிடையாது. ஜன்னல் கம்பியில் படிந்தால் சாம்பல். காயப்போட்ட வேட்டி மங்கினால் சாம்பல். மூக்கு அடைத்தால் சாம்பல். என் பைக் ஸ்டார்ட் ஆகாததற்குக்கூட ஒருமுறை மெக்கானிக் அதைத்தான் சொன்னார். ஆக, இலையில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி விழுந்தால் வேறு எதுவாக இருக்க முடியும்?

"ஒரு வெள்ளக் காயிதம் குடுங்க" என்றார் அக்கா.

கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காகிதத்தை இலைக்கு அடியில் பிடித்து, இலையை விரலால் இரண்டு தட்டு தட்டினார். மிளகுத்தூளைவிடப் பொடியாகக் கொஞ்சம் தூசி விழுந்தது.

"பாத்தீங்களா அக்கா? சாம்பல்..."

"இருங்க சார், அவசரப்படாதீங்க."

காகிதத்தை என் கையில் கொடுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். தூசி நடக்க ஆரம்பித்தது.

ஒன்று வடக்கே போனது. இரண்டு என் கட்டைவிரலை நோக்கி வந்தன. நான் காகிதத்தை விட்டுவிட்டு ஒரு எட்டு பின்னால் குதித்தேன்.

"சாம்பலுக்குக் கால் இருக்குதா சார்?" அக்கா சிரித்த சிரிப்பில் வேலிப் பக்கம் நின்ற மற்ற நால்வரும் எட்டிப் பார்த்தார்கள். "பேனு சார் இது. செடிக்குப் பேனு."

"ஃபேனா? அது நாள் முழுக்க ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

அவர் சீலிங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தலையில ஊருமே, அந்தப் பேனு! நாங்க செம்பேனுன்னு சொல்லுவோம். கத்திரியில வரும், வெண்டையில வரும். இலைக்கு அடியில குந்திகினு சாறு குடிக்கும். கொஞ்ச நாள்ல பூச்சிக்கூடு மாதிரி நூலு கட்டும். இங்க கட்டியே வச்சிருக்குது பாருங்க."

மெல்லிய வலை. இலைக்காம்பும் தண்டும் சேரும் இடத்தில். அதையும் நான் ஒட்டடை என்று நினைத்திருந்தேன்.

இங்கே அந்தச் செடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் கலாத்தியா. இலையின் மேலே பச்சையில் கோலம் போட்ட மாதிரி வரிகள், அடியில் கத்தரிப்பூ நிறம். பகலில் இலைகள் படுத்திருக்கும். பொழுது சாயும்போது ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும், யாரோ கை கூப்புகிற மாதிரி. சுபா இந்த வீட்டுக்கு வாங்கிய முதல் பொருள் அதுதான். கேஸ் அடுப்பு அதற்கு அப்புறம்தான் வந்தது. மாலையில் மைன்ஸிலிருந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தரையில் அதன் எதிரே உட்கார்ந்துகொள்வாள்.

"நாள் முழுக்கக் கீழ கீழன்னு தோண்டிட்டு வரேன்டா. இது ஒண்ணுதான் மேல போகுது" என்பாள்.

ஐந்து மாதங்களுக்கு முன்னால் அவளுக்கு ராஜஸ்தானில் ஒரு சுரங்கத்துக்கு மாற்றல் வந்தது. இரண்டு வருடம். அங்கே குடும்பத்தோடு தங்க இப்போதைக்கு வசதி இல்லை. ஹாஸ்டல் மாதிரி ஓர் அறை, சுற்றிலும் மணல், கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை இல்லை. போகும்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தினமும் சாயங்காலம் செடி கும்பிடுவதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

அனுப்பினேன். அவள் அறையில் சிக்னல் தத்தளிக்கும். வீடியோ போய்ச் சேர்ந்ததும் வெளியே வந்து நின்று கூப்பிடுவாள். முதல் கேள்வி எப்போதும், "கும்பிட்டாச்சா?" இங்கே இருட்டியிருக்கும், அங்கே இன்னும் வெயில் இருக்கும். ஒரே நாட்டில் இருக்கிறோம், ஒரே சாயங்காலத்தில் இல்லை... அந்த அரைமணி, முக்கால் மணி வித்தியாசம் எனக்குக் கொடுத்த வலியை எந்த ரயில் டைம்டேபிளும் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்ட செடி. அதைத்தான் பேன் தின்றுகொண்டிருந்தது.

"எதால தொடைப்பீங்க?" அக்காவின் விசாரணை தொடர்ந்தது.

பெருமையோடு எடுத்துக் காட்டினேன். புசுபுசுவென்று கைப்பிடி வைத்த தூசி தட்டி. ஆர்வக்கோளாறு என் பிறவிக்குணம். சுபா ஞாயிற்றுக்கிழமை தோறும் ஈரத்துணியால் துடை என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். நான் தினமும் காலையில் தட்டினேன். கலாத்தியாவை மட்டுமா? அரேகா பாம், ஐவி, ஹாலில் இருந்த ஏழு தொட்டிகளையும்.

"எல்லாத்துக்கும் இதே ஒண்ணா?"

"ஆமா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா பஸ்ஸு வுட்டு இருக்கீங்க சார்! குறிஞ்சிப்பாடி டவுன் பஸ்ஸு கணக்கா, ஒரு ஸ்டாப்பிங் வுடாம ஏத்திகினு போயி எறக்கி வுட்டு இருக்கீங்க!"

ஏழு செடியிலும் தட்டிப் பார்த்தோம். ஐந்தில் பயணிகள்.

யோசித்துப் பாருங்கள். கவனிக்காமல் விட்டிருந்தால் ஒரு செடியோடு போயிருக்கும். தினமும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டதால் ஐந்துக்குப் பரவிவிட்டது. அக்கறை எடுத்துக்கொள்பவர்கள் ஒருநாளாவது இலையைத் திருப்பி அடியில் பார்க்க வேண்டாமா?

அக்காவிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

இலைகள் ரொம்ப அசிங்கமாகிப்போன பிறகு நான் புது வீடியோ எடுப்பதை நிறுத்தியிருந்தேன். சுபா இங்கே இருந்தபோது, புது போனைச் சோதிக்க எடுத்த வீடியோக்கள் சில என்னிடம் இருந்தன. அவளுக்கு அனுப்பாதவை. செடி அப்போது பளபளவென்று இருந்தது. நான்கு நாளாக நாளுக்கு ஒன்றாக அவற்றைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். சத்தத்தை எடுத்துவிட்டு. ஏனென்றால் பின்னணியில் அவள் குரலே கேட்கும்.

அவளும், "கும்பிட்டாச்சா? அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் இருப்பவர்களிடம் நாம் சொல்லும் முதல் பொய் எப்போதும் ஒன்றுதான் — 'இங்க எல்லாம் நல்லா இருக்கு.' அதற்கு அப்புறம் சொல்வதெல்லாம் அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுக்கிற வேலை.

அன்று சாயங்காலம் ஐந்தாவது வீடியோவை அனுப்பினேன். பேன் என்று தெரிந்த பிறகும்! பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"கும்பிட்டாச்சா?"

"ஓ! சூப்பரா."

"பக்கத்துல ஷூ ரேக் மேல என்னடா வெள்ளையா?"

வீடியோவைத் திறந்து பார்த்தேன். அடக் கடவுளே. அவளுடைய ஹெல்மெட்.

"அந்த ஹெல்மெட் இங்க என் கட்டில் மேல கிடக்கு. அங்க எப்படி வந்துச்சு? பறந்தா?"

நான் திக்கினேன். திணறினேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெள்ளைப் புள்ளி, சாம்பல், பேன், தூசி தட்டி, ஐந்து செடி. "செடி போயிடும்போல இருக்கு சுபா. பதினோரு இலையில நாலுதான் உருப்படி. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"முதல் நாளே தெரியும்டா" என்றாள்.

"தெரியுமா? அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவியே. அந்த வீடியோவுல நான் வீட்டுல இருக்கேன்ல? ஒண்ணுல என் கால்கூடத் தெரியுது. சோபா ஓரமா... நீ கவனிக்கல. நாலு தடவ போட்டுப் பாத்தேன். இன்னிக்கு ஹெல்மெட்டப் பாத்ததும் வாய் அடங்கல, கேட்டுட்டேன்."

அவளே தொடர்ந்தாள். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். மெஸ் சாப்பாடு நல்லாருக்குன்னு சொன்னேன்ல? வாயில வைக்க முடியல. சரி, அத விடு. செடியக் காப்பாத்து. நான் வரும்போது எனக்கு வாசல் தெறந்து விடறதுக்கு நீ இருப்ப. எதிர்ல உக்கார அது இருக்கணும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கே வேலியோரம் போய் அஞ்சலை அக்காவுக்காகக் காத்திருந்தேன்.

"வயல்னா மருந்து அடிப்போம் சார். வூட்டுக்குள்ள அடிச்சா செடி பொழைக்கும், நீங்க படுத்துடுவீங்க" என்றார். பிறகு வழி சொன்னார். நோய் கண்ட ஐந்தையும் தனியாகப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோ. மோசமான இலைகளை வெட்டிக் கவரில் கட்டி எறி. குழாயடியில் சாய்த்துப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சு. பிறகு சோப்புத் தண்ணீரில் கொஞ்சமே கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து, அடியிலும் மேலேயும் தெளி. வெயிலில் வைக்காதே.

நான் என்ன செய்தேன்? கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு ஸ்பூன் நல்லது என்றால் நாலு ஸ்பூன் நாலு மடங்கு நல்லது அல்லவா? தெளித்தேன். சீக்கிரம் காயட்டுமே என்று வெயிலிலும் வைத்தேன்.

மாலையில் அக்கா வந்து பார்த்தார். "என்னா சார், அப்பளமா பொரிச்சி வச்சிருக்கீங்க?"

நான்கு இலை இரண்டாகியிருந்தது.

"இப்ப செத்துப்போச்சாக்கா எல்லாம்?"

"பேனு செத்திருக்கும். முட்டை இருக்குதே? நாலு நாள்ல பொரியும். அப்ப மறுக்கா கழுவணும். அதுக்கு நாலு நாள் கழிச்சி மறுக்கா. மூணு வாரம் வுடாம செய்யணும். ஒரே நாள்ல முடிக்கிற வேலை இல்ல சார் இது. உங்களுக்கு எதுலயும் பறக்கணும்!"

மூன்று வாரம். நாலு நாளைக்கு ஒருமுறை. ஓடிடி சீரியலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிற ஆசாமி நான். என்னைக் குழாயடியில் குத்தவைத்து, இரண்டே இரண்டு இலைகளை உள்ளங்கையில் ஏந்தி, அடிப்பக்கம் மட்டும் கழுவு என்றால்? கழுவினேன். காகிதத்தில் தட்டினேன். முதல் முறை ஊர்ந்தன. இரண்டாம் முறை நாலைந்து. மூன்றாம் முறை ஒன்று, அதுவும் தள்ளாடிக்கொண்டு. ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து சுபாவுக்கு அனுப்பினேன். செடியை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. "நடக்குதா?" என்று மட்டும் கேட்பாள்.

அரேகா பாம் பிழைக்கவில்லை. அதை வருத்தத்தோடு அனுப்பிவைத்தேன்.

நான்காம் முறையும் ஐந்தாம் முறையும் வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. ஐந்தாம் முறை விழுந்த ஒரு பொட்டுத் தூசியைக் கால்மணி நேரம் பார்த்தேன். அசையவில்லை. சாம்பல்! வாழ்க்கையில் முதன்முறையாகச் சாம்பலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் அந்த இரண்டு இலைகளுக்கு நடுவில் ஒரு பச்சைக் குழல் தலைநீட்டியது. சுருட்டி வைத்த காகிதம் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுசாகப் பிரிந்தது. சுபாவைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு வீடியோ அனுப்பப் போறதில்ல. லைவ். சிக்னல் எங்க கிடைக்குதோ அங்க போய் நில்லு."

மொட்டைமாடிக்கு ஏறியிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. நான் போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துச் செடியைக் காட்டினேன். இலை எழுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. படுத்திருக்கிறது, படுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருப்போம். திடீரென்று பார்த்தால் நின்றுகொண்டிருக்கும். இருபது நிமிடம் ஆனது. மூன்று இலையும் எழுந்தன.

"கும்பிட்டாச்சு" என்றேன்.

"பாத்தேன்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அஞ்சு மாசமா செடியவே காட்டிட்டிருக்க. கேமராவத் திருப்புடா" என்றாள்.

திருப்பினேன். ஷேவ் செய்யாத முகம், சட்டையில் வேப்பெண்ணெய்க் கறை. அவள் உற்றுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் மக்கர் செய்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபடி அப்படியே உறைந்துவிட்டாள். நானும் அந்தப் பக்கம் உறைந்துதான் போயிருப்பேன்.

கட் செய்துவிட்டுத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதானே என்கிறீர்களா?

இரண்டு பேரில் யாருமே கட் செய்யவில்லை.