பாரிசில் ஐந்து பின்னேரம்

போன சனிக்கிழமை இங்கே மெல்பனில், டண்டினொங் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது கார்த்திக் என்னைப் பிடித்துக்கொண்டான். கிளேட்டன் பக்கம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற மதுரைப் பையன். கல்யாணமாகி நாலு மாதம். அடுத்த மாதம் பாரிசில் ஒரு மாநாடாம். மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறானாம்.

"பகல்ல எனக்கு மீட்டிங் இருக்கும் அங்கிள். ஈவ்னிங் மட்டும்தான் ஃப்ரீ. நீங்க போன வருஷம் போனீங்கல்ல... ரெண்டு பேரா எங்க போகலாம்?"

கையில் முருங்கைக்காயோடு யோசித்தேன். ஐந்து பின்னேரம் அந்த ஊரில் இருந்தவன் நான். என்ன சொல்வது? முதல் நாள் கணவாய்க் கறி. இரண்டாம் நாள் ஒடியல் கூழ். மூன்றாம் நாள் இடியப்பமும் சொதியும். இதைத் தவிர அந்த நகரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அங்கே சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒருவருமே இல்லை என்றான். கொடுத்து வைத்த பிள்ளை.

எங்கள் கதை வேறு. போன வருடம் ஜூனில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். என் மனைவி சுகந்தி ஒரே ஒரு ஆசைதான் சொன்னாள். பிள்ளைகள், வேலை, கோயில் கமிட்டி என்று ஒன்றும் இல்லாமல், நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஐந்து பின்னேரம் அந்த ஊரில் திரிய வேண்டும். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். ஆற்றில் படகு. மலையிலிருக்கும் தேவாலயத்தின் படிக்கட்டில் இருந்து ஊரைப் பார்ப்பது. தெருவோரக் கதிரையில் ஒரு கோப்பி — ஒரு மணித்தியாலத்துக்கு.

கெடுத்தவன் நான்தான். கேரம் டவுன்ஸ் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்றவரிடம் பாரிஸ் போவதாகச் சொல்லித் தொலைத்தேன். ஒருத்தரிடம்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பாரிசிலிருந்து போன்!

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஒரு ஊருக்குப் போய், அங்கே இருக்கிற சொந்தத்தின் வீட்டில் கை நனைக்காமல் திரும்பினால் அது மூன்று தலைமுறைக்குப் பேசப்படும். எனக்கோ 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. கேட்டவர்களுக்கெல்லாம் ஓம், ஓம் என்றேன். ஐந்தில் நாலு பின்னேரம் அந்தக் கிழமையே போச்சு. மிச்சம் ஒன்று அங்கே போய்ப் போனது.

முதல் நாள் சுகந்தியின் பெரியப்பா மகன் வீடு. இரண்டாம் நாள் என்னோடு படித்தவன். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுக்காரி தன் தங்கைக்குக் கொடுத்துவிட்ட யூக்கலிப்டஸ் தைலத்தைக் கொடுக்கப் போனோம். அவர்கள் இருத்திச் சாப்பாடு போட்டார்கள். அங்கே வந்திருந்த தங்கை கணவரின் அண்ணன் எங்களை நாலாம் நாளுக்குப் பிடித்துவிட்டார்.

எல்லாருமே நகரத்துக்கு வெளியே, ரயிலில் ஒரு மணித்தியாலம். நல்ல மனிதர்கள், குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அதே சோபா, அதே டிவி, அதே "இன்னும் கொஞ்சம் போடட்டோ?"... ஜூனில் அங்கே ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம். எழும்பினால், பொழுது இன்னும் படவில்லையே, என்ன அவசரம் என்பார்கள். சுகந்தி ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் பக்கமாகவே இருந்தாள்.

ஐந்தாம் நாள் திங்கட்கிழமை. சுகந்தியின் மச்சாள் ரஞ்சி வீட்டு முறை. ரஞ்சியின் கணவர் நேசன் ஒரு ரெஸ்ரோரன்ட்டில் சமையல் வேலை. கிழமையில் அந்த ஒரு நாள்தான் லீவு. மறுநாள் காலை எங்களுக்கு விமானம். சுகந்தி ஹோட்டல் கட்டிலில் அந்தத் தாளோடு இருந்தாள். ஒன்றுகூட வெட்டப்படவில்லை.

"இருபத்தஞ்சு வருசத்தில நான் உங்களிட்டக் கேட்டது அஞ்சு பின்னேரம். ஒண்டாவது தாங்கோவன்."

சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் போடவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ரஞ்சிக்குப் போன் எடுத்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? சுகந்திக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாமல் கிடக்கிறாள் என்றேன். ரஞ்சி பதறிப்போய் ஹோட்டலின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். ஏன் கேட்கிறாள் என்று யோசிக்கிற மூளை இருந்தால், நான் ஏன் பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கிறேன்?

படகு எட்டு மணிக்கு. ஆறரைக்கு சுகந்தி மாம்பழ நிறப் பட்டுச்சேலை உடுத்து, கண்ணாடி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம். திறந்தால்... ரஞ்சி. கையில் பிளாஸ்க். பின்னால் நேசன் — ஒரு கையில் புட்டுப் பார்சல், மற்றக் கையில் பனடோல் மாத்திரை.

தமிழரிடம் காய்ச்சல் என்று சொன்னால் ரசம் வரும். இதுகூடத் தெரியாமல் ஐம்பத்தாறு வயது வரைக்கும் வளர்ந்திருக்கிறேன்.

ரஞ்சி சேலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். சுகந்திதான் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அந்தத் தாளையும் எடுத்து ரஞ்சியின் கையில் கொடுத்தாள்.

ரஞ்சியின் முகம் சுருங்கித்தான் போச்சு. "நீங்கள் காய்ச்சல் எண்டு சொன்னது பிழை அண்ணை. ரயிலில வரேக்க முழுக்க நேர்ந்துகொண்டு வந்தனான்" என்றாள். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

பிறகு தாளை வாசித்தாள். வாசித்துவிட்டு நேசனிடம் நீட்டினாள்.

"இருபத்தெட்டு வருசமா இஞ்ச இருக்கிறம். நாங்களும் அந்தப் படகில ஒரு நாளும் ஏறேல்லை" என்றாள்.

மற்ற நாட்களில் நேசனுக்குப் பின்னேர வேலை. திங்களில் யாராவது வந்துவிடுவார்களாம். கனடாவிலிருந்து, லண்டனிலிருந்து, ஊரிலிருந்து. இப்போது மெல்பனிலிருந்து நாங்கள்.

சுகந்தி கண்ணைத் துடைத்தாள். செருப்பைப் போட்டாள். வாங்கோ, போவம் என்றாள்.

படகில் அவர்கள் இரண்டு பேரையும் முன் வரிசையில் இருத்திவிட்டு, நாங்கள் பின்னால் இருந்தோம். காய்ச்சல் இல்லாத நாலு பேரும் பிளாஸ்க் மூடியில் மாறி மாறி ரசம் குடித்தோம். மிளகு கொஞ்சம் தூக்கல். வெயில் மஞ்சளாகத் தண்ணீரில் விழுந்திருந்தது. இரண்டு பாலம் தாண்டியதும் நேசன் எழும்பி நின்று ஒரு கட்டிடத்தைக் காட்டினார்.

"அந்தா... அதுக்குக் கீழதான் என்ர குசினி. பதினாறு வருசம். அங்க ஜன்னல் இல்லை. மேல இப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது."

ரஞ்சி அவருடைய கையைப் பிடித்து இருத்தினாள். பிடித்த கையை விடவில்லை. சுகந்தி என் தோளில் சாய்ந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்ற அவளுடைய ஆசை நிறைவேறியதா? இல்லைதான். ஆனால் திரும்பி வரும்போது அவள் அந்தத் தாளில் முதல் வரியைப் பேனையால் வெட்டினாள்.

அன்போடு கூப்பிடுகிறவர்களிடம் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு நாள் முகம் சுருங்கும். அவ்வளவுதான். அதற்குப் பயந்து நாலு பின்னேரத்தைத் தொலைத்தேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைப் படமெடுத்துக் கார்த்திக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சுகந்தி எட்டிப் பார்த்தாள்.

"ரஞ்சியின்ர நம்பரையும் போடுங்கோ. திங்கட்கிழமை படகுக்கு நாலு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கோ."

கொடுத்து வைத்த பிள்ளைக்கு ஒரு பின்னேரம் போச்சு.