துண்டு விழாத தட்டு

கோயமுத்தூருக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. இந்த ஊர்க்காரர்கள் எப்போது கோபப்படுகிறார்கள் என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் பீளமேட்டில் பஸ் படியில் தொங்கிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏனுங்க, உள்ள வாங்க. உழுந்து செத்துப்போட்டீங்கன்னா உங்க ஊட்டுக்கு யாருங்க பதில் சொல்றது?" என்றார். எங்கள் கோவில்பட்டிப் பக்கமாக இருந்தால் அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுத்து ஏசியிருப்பார்கள், இறங்குவதற்குள் இருவருக்கும் மறந்துபோயிருக்கும். இங்கே அது ஏச்சா, அக்கறையா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அப்படித்தான், பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். நம் பக்கத்திலிருந்து பிழைக்க வரப்போகிறவர்களும், ஏற்கெனவே வந்து பட்டறைகளில் நிற்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இங்கே பம்ப்செட் பட்டறையில் பிட்டர் வேலை. முதலாளி செந்தில் அண்ணனும் அவர் நண்பர்களும் பல்லடம் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் துப்பாக்கி கிளப் நடத்துகிறார்கள். ஸ்போர்ட்டிங் கிளேஸ் என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். சுடுகிறவர் இங்கிலீஷில் 'புல்', அதாவது இழு என்று கூவியதும் கயிற்றை இழுத்தால், டீ சாஸர் அளவில் ஆரஞ்சு நிறத் தட்டுகளை மெஷின் வீசும். ஒன்று பறவை மாதிரி பறக்கும், ஒன்று முயல் மாதிரி தரையில் உருண்டோடும். இடம் விட்டு இடம் நடந்துபோய் ஒவ்வொரு இடத்திலும் நின்று சுடவேண்டும். மெஷினில் ஸ்பிரிங் அறுந்துபோய் என்னைக் கூட்டிப்போனார்கள். மாட்டி முடித்ததும் செந்தில் அண்ணன், "ஒண்ணு அடிச்சுத்தான் பாருங்களேன்" என்று துப்பாக்கியை நீட்டினார். நாலு தட்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. "தட்டு இருக்கற எடத்தச் சுடாதீங்க, அது போகப்போற எடத்தச் சுடுங்க" என்றார். ஐந்தாவது தட்டு வானத்தில் உடைந்து சிதறியது.

அதை எப்படிச் சொல்வது? வாடகை, பிள்ளைகளின் இருமல், நாளைக்கு வேலை இருக்குமா என்று எந்நேரமும் எதையாவது அரைத்துக்கொண்டிருக்கும் என் மண்டை, தட்டு பறக்கிற அந்த ரெண்டு நொடி சும்மா இருந்தது. முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக. அதற்காகத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். மெஷின்களைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டேன், பதிலுக்கு கிளப் துப்பாக்கியால் சுட விட்டார்கள். வெளிப் போட்டிகளுக்குப் போக வேண்டுமானால் உறுப்பினர் என்று கிளப் செயலாளர் கடிதம் தர வேண்டும், அதை வைத்துத்தான் மற்ற அனுமதிகள். என் வீட்டுக்காரி, "ஸ்பேனர் பிடிச்ச கைக்குத் துப்பாக்கி எதுக்கு? போலீஸ்காரன் விசாரிக்க வந்தா வாசல்ல நிக்கப்போறது நான்" என்றாள். பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் அந்தக் கடிதம் வேண்டும். இந்த ஊரில் நான் கேட்டது அது ஒன்றுதான்.

கிளப்புக்குள் நடந்த போட்டியில் என் பெயரையும் சேர்த்தார்கள். ஐந்து பேர் ஒரு குழு. ஒருவர் சுடும்போது இன்னொருவர் அட்டையில் குறிக்க வேண்டும். தட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற துண்டு விழுந்தால்தான் கணக்கு, வெறும் தூசிக்கு மதிப்பில்லை என்பது சட்டம். என் தட்டு ஒன்றில் சந்தேகம் வந்தது. குறித்துக்கொண்டிருந்த நூல் மில்காரர் பென்சிலைத் தூக்கியபடி என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்பிடிங்க பட்டுச்சு?" என்றார். "நீங்கதான அண்ணாச்சி சொல்லணும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பட்டதாகக் குறித்தார். பாவம், கண் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பென்சில் என் கைக்கு வந்தது. சுட நின்றவர் செயலாளர் ஐயா. முயல் தட்டு உருண்டது, சுட்டார், புழுதி கிளம்பியது, தட்டு முழுசாகப் போய்ப் பாறையில் முட்டி நின்றது.

"போச்சு" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

என் அப்பா பருத்திக் கமிஷன் கடையில் எடை கூவுகிறவர். முள் நின்ற இடத்தைக் கடைசி வண்டிக்காரனுக்கும் கேட்கிற மாதிரிக் கூவ வேண்டும். குரல் இறங்கினால், "எவன்கிட்ட வாங்கித் தின்ன?" என்று கேட்பார்கள். சத்தமாகச் சொன்னால்தான் அங்கே நாணயம்.

செயலாளர் துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்கூட்டை எடுத்தார். "நல்லாப் பாத்தீங்களாங்க?"

"பாத்தேன். போச்சு."

"தூள் பறந்துச்சுங்களே."

"அது தரைத்தூசி. துண்டு விழல."

"செரிங்க. நீங்க சொன்னா செரிதானுங்க."

சரி என்றுவிட்டாரே என்று நிம்மதியாகக் கோடு போட்டேன். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு தட்டில் அவருக்குக் கோப்பை போயிற்று.

அதற்குப் பிறகு என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வாங்க, சாப்டீங்களா?" அப்படியேதான் இருந்தது. கடிதம் கேட்டால், "கடுதாசி என்னுங்க பெரிய கடுதாசி, அடுத்த வாரம் குடுத்துப்போட்டாப் போச்சு. மொதல்ல அந்த மூணாவது மெஷினப் பாத்துடுங்க" என்பார் செயலாளர். எட்டு அடுத்த வாரங்கள் போயின. வெளிப்போட்டிக்குப் போகிறவர்கள் பட்டியலில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர் பெயரெல்லாம் இருந்தது.

கடைசியில் பட்டறையில் வைத்து செந்தில் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்னது நெசந்தானுங்க. தப்பே இல்லீங்க. ஆனா சந்தேகமா இருந்தா அடிச்சவர் மூஞ்சியப் பாக்கோணும். அவரே 'போச்சுங்க'ன்னு சொல்லிப்போடுவாரு. அவரு வாயில இருந்து வர்றதுக்கு ஒரு நிமிசம் உட்டிருக்கலாமுங்க."

"இத யாருமே எங்கிட்டச் சொல்லலையே அண்ணே."

"இதையெல்லாம் எப்பிடிங்க சொல்றது?"

வீட்டுக்குப் போய் அதையே மென்றுகொண்டிருந்தேன். முகத்தில் அறைந்திருந்தால் திருப்பிக் கேட்டிருக்கலாம். சிரித்த முகத்தோடு மூடிய கதவை எங்கே போய்த் தட்டுவது? போகாமல் இருந்துவிடலாம் என்றால் செந்தில் அண்ணன்தான் சம்பளம் தருகிற முதலாளி.

போன ஞாயிறு அடுத்த போட்டி. நான் தகரத் தடுப்புக்குப் பின்னால் குழியில் நின்று மூன்றாவது மெஷினில் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். கண் மட்டத்தில் அவர்களுடைய ஷூக்கள். புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர் முயல் தட்டைச் சுட்டார். புழுதி. என்னிடமிருந்து நாலடியில்தான் அது உருண்டு போனது, கீறல்கூட இல்லை. குறிக்கிறவருக்குச் சந்தேகம். செயலாளர் குழிப்பக்கம் குனிந்து, "ஏனுங்க, உங்களுக்குக் கிட்டக்கத் தெரிஞ்சிருக்குமுங்களே?" என்றார்.

போச்சு என்ற சொல் தொண்டை வரை வந்தது.

"டாக்டரே சொல்லட்டுமுங்க" என்றேன்.

டாக்டர் மேலே பார்த்தார், தட்டைப் பார்த்தார். "பட்டுச்சுங்க" என்றார். பட்டதாகக் குறித்தார்கள். செயலாளர் என் தோளில் தட்டி, "இப்பத்தானுங்க நீங்க நம்மாளு" என்றார். அவர் கையை எடுப்பதற்குள் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க" என்றார்.

மேலே அடுத்தவர் 'புல்' என்று கூவினார். நான் கயிற்றை இழுத்தேன்.