இரண்டு சாவிப் பூட்டு

பூட்டுகள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. "ரெண்டு சாவியும் கீது, அக்கா" என்று பல்லாவரம் சந்தையில் ஒருவர் விற்ற பித்தளைப் பூட்டை நேற்று பிரித்துப் பார்த்தேன். ஒரு சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு தகடு மட்டும் நகர்கிறது. இரண்டாவதும் திரும்பினால்தான் கொண்டி விடுபடுகிறது.

எண்பதுகளில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் கூட்டுக் கிணற்றின் மோட்டார் அறையில் இப்படியொரு பூட்டு தொங்கியது. தண்ணீர்ச் சண்டையில் பேச்சை நிறுத்திக்கொண்ட அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு சாவி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் முகம் பார்க்காமல் வந்து திறப்பார்கள். கிரீஸும் ஈரச்சுவரும் கலந்த வாடை வெளியே வரும்.

ஒரு கோடையில் பெரியப்பாவுக்கு டைபாய்டு. தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாவியும் அவர் அரைஞாண் கயிற்றோடு போய்விட்டது. மூன்றே நாளில் இருவர் கழனியும் காய்ந்து வெடிக்கத் தொடங்கின.

"கடப்பாரையால ஒரு போடு போடுங்க" என்றாள் அம்மா.

அப்பா என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலருகே நின்று, "சாவி வேணும், அண்ணா" என்றார்.

"உடைச்சிக்கினு போக வேண்டியதுதானே?" என்றார் பெரியப்பா.

"உன் பூட்டும் ஆச்சே. உன்னக் கேக்காம எப்படி?"

பெரியப்பா கயிற்றை அவிழ்க்கப் போனார். முடிச்சு அவிழவில்லை. அப்பாவே குனிந்து அவிழ்த்தார்.

அன்று மாலை மோட்டாரைப் போட்டதும், அப்பா மண்வெட்டியால் மடையைப் பெரியப்பா கழனிப் பக்கம் திருப்பினார். எங்கள் பயிர் மறுநாள் வரை காத்திருந்தது.